பச்சை விளக்கு எரிந்தும் கன் நாலு நட்டில் நிற்கிறது: பேட்டரியா, சார்ஜரா, கன்னா?

வணக்கமுங்க. நாமக்கல் பக்கம் லாரிப் பட்டறை வைத்திருக்கும் நீங்கள் கேட்டது இது. 18 வோல்ட் இம்பாக்ட் கன் (நட்டு கழற்றும் பேட்டரிக் கருவி) ஒன்று, அதற்கு இரண்டு பேட்டரி, ஒரு சார்ஜர். ஒரு பேட்டரியைச் சார்ஜரில் வைத்தால் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிகிறது, சார்ஜ் ஏறுவதில்லை. இன்னொன்று பச்சை காட்டுகிறது, ஆனால் நாலு நட்டு கழற்றுவதற்குள் கன் நின்றுவிடுகிறது. இரண்டு மாதம் சும்மா கிடந்த ஜம்ப் ஸ்டார்ட்டரை (பேட்டரி இறங்கிய வண்டியை ஸ்டார்ட் செய்ய உதவும் பெட்டி) வண்டியில் மாட்டினால் டக்கென்று ஒரு சத்தத்தோடு சரி. ஸ்கேனர் டேப் (வண்டியின் கோளாறைப் படிக்கும் டேப்லெட்) ஒரு நாள் சார்ஜ் ஏறுகிறது, ஒரு நாள் ஏறுவதில்லை. செத்த பேட்டரியை நல்ல பேட்டரியோடு வயர் போட்டு இணைத்தால் உயிர் வருமாமே, செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: காசைப் பேட்டரியில் போடுவதா, சார்ஜரில் போடுவதா, கன்னையே மாற்றிவிடுவதா?

வயர் போட்டு இணைப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். காரணத்தைக் கீழே கணக்கோடு சொல்கிறேன். மற்றதற்கெல்லாம், லோடு கொடுத்து, அதாவது கரண்ட் இழுக்க வைத்து, அளந்து பார்க்கும் வரை எதையும் வாங்க வேண்டாம். சும்மா இருக்கும் பேட்டரியில் மீட்டர் காட்டும் வோல்ட்டை நம்பித்தான் பட்டறைகளில் பாதிப் பணம் வீணாகிறது.

முதலில் மீட்டரே தேவைப்படாத ஒரு சோதனை. பக்கத்துப் பட்டறையில் அதே கம்பெனி, அதே வோல்ட் செட் இருந்தால் அரை மணி நேரம் இரவல் வாங்குங்கள். உங்கள் பேட்டரி அவர்கள் சார்ஜரில், அவர்கள் பேட்டரி உங்கள் சார்ஜரில், அவர்கள் பேட்டரி உங்கள் கன்னில் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். கோளாறு பேட்டரியோடு சேர்ந்து நகர்ந்தால் பேட்டரி, சார்ஜரிலேயே நின்றால் சார்ஜர், கன்னிலேயே நின்றால் கன். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், உங்கள் சார்ஜர் ஒரு பேட்டரியைப் பச்சை வரை கொண்டுபோகிறது. ஆகவே அது முழுக்கப் போகவில்லை என்பது உறுதி. மற்றபடி சரியாகத்தான் இருக்கிறதா என்பது இரவல் பேட்டரியைப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்து எண்கள். 18 வோல்ட் என்று எழுதியிருக்கும் லித்தியம் பேட்டரிக்குள் ஐந்து செல் வரிசையாக இருக்கும். ஒரு செல் சராசரியாக 3.6 வோல்ட், முழுக்க ஏறினால் 4.2. அதனால் முழு பேட்டரி 21 வோல்ட்டை ஒட்டி நிற்கும். 20 வோல்ட் மேக்ஸ் என்று விற்கும் கன்னுக்குள்ளும் இதே ஐந்து செல்தான், எண்ணும் முறைதான் வேறு. 4, 5 ஆம்பியர் அவர் (கொள்ளளவைச் சொல்லும் அளவு) பேட்டரிகளில் பெரும்பாலும் ஒவ்வொரு செல்லுக்கும் ஜோடியாகப் பக்கத்தில் இன்னொரு செல் இருக்கும், மொத்தம் பத்து. சின்ன 2 ஆம்பியர் அவர் பேட்டரியில் ஐந்து மட்டுமே. இந்த வித்தியாசம் பின்னால் வரும் கணக்குக்குத் தேவை.

பச்சை காட்டியும் நின்றுபோகும் பேட்டரியை முதலில் எடுத்துக்கொள்வோம். செல் பழசாகும்போது இரண்டு விஷயம் நடக்கிறது. கொள்ளளவு குறைகிறது, உள் மின்தடை கூடுகிறது. கன் விஷயத்தில் ஆளைக் கவிழ்ப்பது இரண்டாவது. மின்தடை கூடிய பேட்டரியில் சார்ஜர் கரண்ட் விட்டவுடனே வோல்ட் சட்டென்று 21ஐத் தொட்டுவிடும், கரண்ட் குறையும், சார்ஜர் “ஆச்சு” என்று பச்சை போட்டுவிடும். காலியான 5 ஆம்பியர் அவர் பேட்டரியை 3 ஆம்பியர் சார்ஜரில் வைத்தால் நியாயமாக ஒன்றே முக்கால் மணி நேரமாவது ஆக வேண்டும். இருபது நிமிடத்தில் பச்சை வந்தால் உள்ளே போனது கொஞ்சம்தான் என்று அர்த்தம். நாளைக்கு வைக்கும்போது நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காசு செலவில்லாத நல்ல சோதனை அது.

லோடு சோதனைக்கு லாரிப் பட்டறையில் இருப்பதைவிட வசதியான கருவி வேறில்லை: 24 வோல்ட் 75/70 வாட் எச்4 ஹெட்லைட் பல்பு. அதன் மூன்று காலில் ஹை, லோ இரண்டையும் சேர்த்து ஒரு வயர், பொதுவான எர்த் காலில் ஒரு வயர். நடுவில் 10 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று கட்டாயம். வயர் முனையில் தட்டை லக் அடித்து, பேட்டரியின் பி பிளஸ், பி மைனஸ் (முக்கிய பிளஸ், மைனஸ் டெர்மினல்கள்) பிளவுகளில் செருகுங்கள். சும்மா வயரைப் பிரித்துச் சொருகினால் ஒரு கம்பி இழை நகர்ந்தாலும் ஷார்ட். இந்த பல்பின் இரண்டு ஃபிலமென்டும் சேர்ந்து 20 வோல்ட்டில் 5 ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்து, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, வோல்ட்டைக் குறியுங்கள். பல்பை மாட்டிப் பத்தாவது விநாடியில் மறுபடி குறியுங்கள். உடனே கழற்றிவிடுங்கள். சில கம்பெனி பேட்டரிகளில் அடிமட்ட வோல்ட்டில் நிறுத்தும் வேலையைக் கன்தான் செய்கிறது, பேட்டரிக்குள் அந்தப் பாதுகாப்பு இல்லை. பல்பை மாட்டிவிட்டு டீ குடிக்கப் போனால் நல்ல பேட்டரியையும் கொன்றுவிடலாம்.

பத்து செல் பேட்டரியில் இறக்கம் 0.7 வோல்ட்டுக்குள் இருந்தால் ஆரோக்கியம். 0.7 முதல் 1.5 வரை என்றால் வயதாகிவிட்டது, ஆனால் லைட்டு, கிரைண்டர், சின்ன போல்ட்டுக்கு ஓட்டலாம். 1.5க்கு மேல் என்றால் இம்பாக்ட் வேலைக்கு ஆகாது. ஐந்து செல் பேட்டரிக்கு இந்த எண்களை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். இவை கம்பெனி கையேட்டு எல்லைகள் அல்ல, பட்டறைக் கணக்கு. ஒரே மாதிரி இரண்டு பேட்டரியை ஒப்பிடும்போதுதான் இவற்றின் மதிப்பு அதிகம். ஏன் இந்த இறக்கம் முக்கியம் என்று பாருங்கள். 5 ஆம்பியரில் 0.6 வோல்ட் இறங்கினால் மின்தடை 0.12 ஓம். இறுகிய நட்டில் கன் 30 ஆம்பியர் இழுத்தால் 20 வோல்ட்டில் 3.6 வோல்ட் போகும், மிச்சம் 16க்கு மேல் நிற்கும், கன் ஓடும். அதே 5 ஆம்பியரில் 1.5 இறங்கினால் மின்தடை 0.3 ஓம்; 30 ஆம்பியரில் 9 வோல்ட் போய்விடும், மிச்சம் 11. செல்லுக்கு 2.5 முதல் 3 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது என்று வைத்திருக்கும் பாதுகாப்பு, அதாவது மொத்தம் 12.5 முதல் 15 வோல்ட், உடனே வெட்டிவிடும். ட்ரிகரை விட்டால் வோல்ட் மறுபடி 20க்கு ஏறிவிடும், பேட்டரியில் சார்ஜ் காட்டும் விளக்குக் கட்டைகளும் முழுசாகக் காட்டும். நீங்கள் சொல்லும் “ஃபுல் இருக்குது, ஆனா நிக்குது” என்பதற்கு மிக அடிக்கடி வரும் காரணம் இதுதான்.

மிக அடிக்கடி என்றேன், எப்போதும் அல்ல. இதே லட்சணத்தைக் காட்டும் இன்னொன்று காண்டாக்ட். கன்னில் இருக்கும் பித்தளைத் தகடும் பேட்டரிக்குள் இருக்கும் கவ்வும் தளர்ந்தால் பொறி அடித்துக் கறுக்கும், கறுத்தால் சூடு, சூட்டில் கவ்வின் ஸ்ப்ரிங் இன்னும் தளரும். லாரிப் பட்டறையில் கிரைண்டர் தூசியும் கிரீஸும் சேர்ந்து அங்கே ஒரு கறுப்புப் பசையாக உட்காரும். அந்தப் பசையில் இரும்புத் தூள் இருப்பதால் சின்ன டெர்மினல்களுக்கு நடுவே கசிவும் வரும். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஐசோபுரோப்பில் ஆல்கஹாலில் நனைத்த பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் காய விடுங்கள். பிரேக் கிளீனர், கார்புரேட்டர் கிளீனர், தின்னர் வேண்டாம், பிளாஸ்டிக் விரிசல் விட்டுவிடும். உப்புத்தாளும் வேண்டாம், மேல் பூச்சு போய்விட்டால் அடுத்த மாதமே மறுபடி கறுக்கும். கவ்வு விரிந்திருந்தால் பேட்டரியைத் திறந்து நுனி மூக்குப் பிளையரால் ஒரு நூல் அளவு நெருக்கலாம். வேலை செய்தவுடனே டெர்மினல் பக்கம் மட்டும் தனியாகச் சுட்டால் குற்றம் காண்டாக்ட்டில்; பேட்டரி முழுக்க ஒரே மாதிரிச் சுட்டால் செல்லில்.

இப்போது சிவப்பு விட்டு விட்டு எரியும் பேட்டரி. ஒவ்வொரு கம்பெனிக்கும் விளக்கு மொழி வேறு. சார்ஜரின் ஸ்டிக்கரிலேயே இருக்கும், அதைப் படித்துவிட்டு மேலே போங்கள். பொதுவாக மெதுவாக எரிந்து அணைவது “சூடாக இருக்கிறது, காத்திருக்கிறேன்”, வேகமாக எரிந்து அணைவது “இந்தப் பேட்டரியை ஏற்க மாட்டேன்”. முதலாவதைக் கோளாறு என்று நினைத்துப் பேட்டரியைத் தூக்கிப் போட்டவர்கள் நிறைய. லித்தியம் செல்லைச் சுமார் 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. கோடையில் கரூர் பரமத்தி 40 டிகிரியைத் தாண்டுவது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அந்த வெயிலில் தகரக் கொட்டகைக்குக் கீழே, பத்து நட்டு கழற்றிவிட்டு, கை வைக்க முடியாத பேட்டரியை நேராகச் சார்ஜரில் வைத்தால் அது ஏற்காமல் இருப்பதுதான் சரி. சிமென்ட் தரையில் நிழலில் அரை மணி நேரம் வைத்து, ஃபேன் காற்று படவிட்டுப் பிறகு வைத்துப் பாருங்கள். ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம், உள்ளே நீர் கோக்கும்.

ஆறிய பிறகும் அதே விளக்கு என்றால், பேட்டரிக்குள் சூட்டை உணரும் தெர்மிஸ்டரைப் பாருங்கள். பல பேட்டரிகளில் பிளஸ், மைனஸ் தவிர டி என்று எழுதிய ஒரு கால் இருக்கும். அதற்கும் பி மைனஸுக்கும் நடுவே மீட்டரை ஓம் நிலையில் வைத்தால், பரவலாகப் பயன்படும் வகையில் 25 டிகிரிக்கு 10 கிலோ ஓம் காட்டும். நம் ஊர் 35 டிகிரியில் 7 கிலோ ஓமுக்குக் கிட்ட வரும். எல்லையில்லாமல் காட்டினால் வயர் விட்டுப்போயிருக்கிறது, சார்ஜர் அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொண்டு நின்றுவிடும். எல்லாக் கம்பெனியும் இந்த மதிப்பை வைப்பதில்லை, சிலவற்றில் அந்தக் கால் வழியாகச் சார்ஜரும் பேட்டரியும் தகவலே பேசிக்கொள்ளும். அதனால் எண்ணை விட உங்கள் இரண்டாவது பேட்டரியோடு ஒப்பிடுவதுதான் நம்பத்தக்கது. அது 7 காட்டி இது ஒன்றுமே காட்டாவிட்டால் முடிவு தெளிவு.

தெர்மிஸ்டர் சரியென்றால் செல்களைத்தான் பார்க்க வேண்டும். அதற்குப் பேட்டரியைத் திறக்க வேண்டும், நட்சத்திரத் தலை ஸ்க்ரூ நாலு இருக்கும். கையில் மோதிரம், வாட்ச், காப்பு எதுவும் வேண்டாம். ஸ்க்ரூடிரைவர் நழுவி இரண்டு நிக்கல் பட்டையைத் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். பி மைனஸிலிருந்து தொடங்கி ஒவ்வொரு செல்லாக வோல்ட் எடுத்து எழுதுங்கள். ஐந்தும் கிட்டத்தட்ட ஒரே அளவில் 2.2, 2.4, 2.3 என்று இருந்தால், பேட்டரி கன்னிலேயே மாட்டிக் கிடந்து மெல்ல வடிந்திருக்கிறது. நாலு செல் 3.5இல் இருந்து ஒன்று மட்டும் 1.2 என்றால் அந்தச் செல் செத்துவிட்டது. மற்ற நாலும் அதே வயதுதான், அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் புதிதும் பழையதும் ஒத்துப்போகாமல் சில மாதத்தில் அடுத்தது போகும். ஐந்தும் நன்றாக 3.6 காட்டி, வெளி டெர்மினலில் மட்டும் பூஜ்யம் என்றால் உள் ஃப்யூஸ், விட்டுப்போன பட்டை, அல்லது பூட்டிக்கொண்ட போர்டு (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்). சில போர்டுகள் ஒருமுறை கோளாறு பதிவானால் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும், அதற்குப் பிறகு புதுச் செல் போட்டாலும் திறக்காது. செல் மாற்றக் காசு கொடுக்கும் முன் இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில்தான் அந்த வயர் விஷயம் வருகிறது. 10 வோல்ட்டுக்கு இறங்கிய பேட்டரியோடு 20 வோல்ட் பேட்டரியை நேராக இணைத்தால் நடுவில் 10 வோல்ட் வித்தியாசம். இரண்டின் உள் மின்தடையும் வயரும் சேர்ந்தாலும் 0.2 ஓம் தேறாது. 50 ஆம்பியருக்கு மேல் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் பாயும். காலியான லித்தியம் செல் தாங்கக்கூடியது ஆரம்பத்தில் அதன் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குக் கரண்ட்தான். அதைவிட மோசமானது கண்ணுக்குத் தெரியாதது: 2 வோல்ட்டுக்குக் கீழே வாரக்கணக்கில் கிடந்த செல்லில், உள்ளே இருக்கும் தாமிரத் தகடு கரைந்து, மறுபடி சார்ஜ் ஏறும்போது வேறு இடத்தில் முள்ளாகப் படியும். அந்த முள் உள்ளுக்குள் ஷார்ட் ஆக்கும். அன்றைக்கே ஆகாமல் பத்து நாள் கழித்து, இரவு சார்ஜரில் இருக்கும்போது ஆகலாம். சார்ஜர் அந்தப் பேட்டரியை மறுப்பது அதனால்தான். உயிர் வந்த மாதிரி தோன்றுவதால்தான் இந்த வித்தை பரவுகிறது. டீசலும் தின்னரும் பஞ்சு வேஸ்ட்டும் இருக்கும் இடத்தில் இதைச் செய்வதை நினைத்தாலே எனக்குக் கவலையாக இருக்கிறது.

எல்லாச் செல்லும் 2 வோல்ட்டுக்கு மேல் இருந்து, உப்பாமல், கசியாமல் இருந்தால் மட்டும் ஒரு வழி உண்டு. கரண்டை அளந்து விடும் பவர் சப்ளை வைத்திருக்கும் எலக்ட்ரானிக்ஸ் ஆளிடம் கொடுங்கள். 15 வோல்ட், 0.1 முதல் 0.2 ஆம்பியர் என்று கட்டுப்படுத்தி, ஒவ்வொரு செல்லும் 3 வோல்ட்டை ஒட்டி வரும் வரை, பக்கத்திலேயே இருந்து ஏற்ற வேண்டும். எந்தச் செல்லாவது சூடானால், அல்லது அரை மணி நேரத்தில் ஏறவே இல்லை என்றால், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அதன் பின் சொந்தச் சார்ஜரில் முழுக்க ஏற்றி, ஒரு நாள் முழுதும் சும்மா வைத்து, மறுபடி செல் செல்லாக அளக்க வேண்டும். மற்றதைவிட ஒன்று 0.05 வோல்ட்டுக்கு மேல் இறங்கியிருந்தால் அந்தப் பேட்டரி பட்டறைக்குள் இருக்கக் கூடாது.

சார்ஜர் பற்றி ஒரு எச்சரிக்கை. பேட்டரி மாட்டாமல் சார்ஜரின் காலில் மீட்டர் வைத்துப் பூஜ்யம் பார்த்து “போச்சு” என்று முடிவு கட்டாதீர்கள். இப்போது வரும் பெரும்பாலான சார்ஜர்கள் பேட்டரியை அடையாளம் கண்ட பிறகுதான் வோல்ட்டையே வெளியே விடும். விளக்கே எரியவில்லை என்றால் மட்டும் கரண்ட் வரும் பக்கத்தைச் சந்தேகியுங்கள். அப்போதும் பிளக் பாயிண்ட்டில் முதலில் டெஸ்ட் லைட். பாடி கட்டும் பட்டறைகள் நெருக்கமாக இருக்கும் நாமக்கல், கரூர், திருச்செங்கோடு பக்கங்களில் வெல்டிங் செட் ஓடும் லைனிலேயே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு அதில் சார்ஜரைச் சொருகுகிறார்கள். ஆர்க் அடிக்கும் ஒவ்வொரு முறையும் வோல்ட் குழிந்து எழுகிறது, சார்ஜர் பாதியில் நின்று மறுபடி தொடங்குகிறது. அதைவிட ஆபத்து த்ரீ ஃபேஸ் லைனில் நியூட்ரல் லூஸ் ஆவது. 230 வரவேண்டிய பாயிண்ட்டில் 300க்கு மேல் வந்து, சார்ஜருக்குள் இருக்கும் வேரிஸ்டரும் (மிகை வோல்ட்டைத் தடுக்கும் பாகம்) ஃப்யூஸும் ஒரே நொடியில் போகும். இரண்டாவது சார்ஜரும் அதே பாயிண்ட்டில் செத்தால் குற்றம் சார்ஜரில் இல்லை, லைன்மேனையோ எலக்ட்ரீஷியனையோ கூப்பிட்டு நியூட்ரலைப் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டர் போர்டுக்குப் பக்கத்தில் சார்ஜருக்கென்று தனி பாயிண்ட் இழுத்துவிடுவது நல்ல செலவு. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த சார்ஜர் என்றால் அடியில் 120 வோல்ட் மட்டும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் நம் கரண்ட்டில் ஒரு முறைதான் எரியும். சார்ஜரைத் திறந்து பார்க்க ஆசைப்பட்டால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர் திறக்க வேண்டாம்.

கன்னைப் பொறுத்தவரை சீக்கிரம் முடித்துவிடலாம். பிரஷ் உள்ள மோட்டார் என்றால் கார்பன் 5, 6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். தட்டினால் ஓடி, விட்டால் நிற்பது கார்பனின் அடையாளம். பிரஷ் இல்லாத மோட்டாரில் ட்ரிகர் சுவிட்ச்சும் போர்டும்தான் போகும், அது சர்வீஸ் சென்டர் வேலை. ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கார் வீல் நட்டுக்கு இறுக்கம் 100, 120 நியூட்டன் மீட்டர் போதும். பெரிய லாரி நட்டுக்கு 600 அளவில் வரும், துரு பிடித்திருந்தால் கழற்ற இன்னும் அதிகம். அரை இன்ச் கன்னை வைத்து லாரி நட்டைக் கழற்றும்போது ஒவ்வொரு நட்டுக்கும் முழுக் கரண்ட்டில் பல விநாடி அடிக்கிறது. நல்ல பேட்டரியும் அதில் சூடேறி நிற்கும். இறுகிய நட்டை முதலில் இளக்குவதை நீள பாரிலோ ஏர் கன்னிலோ செய்துவிட்டு, சுழற்றி எடுக்க மட்டும் பேட்டரி கன்னைப் பயன்படுத்தினால் அதே பேட்டரி பல மடங்கு நட்டு கழற்றும்.

ஜம்ப் ஸ்டார்ட்டரில் முதல் கேள்வி வோல்ட். கனரக லாரி 24 வோல்ட், இரண்டு 12 வோல்ட் பேட்டரி வரிசையாக. கையடக்க லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர்களில் பெரும்பாலானவை 12 வோல்ட் மட்டுமே. அதை 24 வோல்ட் வண்டியில் இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து மாட்டியிருந்தால் கிளாம்ப் பெட்டிக்குள் இருக்கும் போர்டு போயிருக்கும். 24 வோல்ட்டுக்கானதுதான் என்றால் அந்த டக் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காது வைத்துக் கேளுங்கள். கிளாம்ப் பெட்டியிலிருந்து என்றால் அதன் ரிலே வெட்டுகிறது: வண்டிப் பேட்டரி அறவே காலியாக இருந்து அதை உணர முடியவில்லை, அல்லது தலைகீழ் இணைப்பு, அல்லது ஜம்ப் ஸ்டார்ட்டரே பாதிச் சார்ஜில். சத்தம் ஸ்டார்ட்டர் மோட்டாரிலிருந்து என்றால் கிராங்க் அடிக்கும்போது கிளாம்ப்பில் வோல்ட் எடுங்கள். 24 வோல்ட் வண்டியில் அது 19க்குக் கீழே சரிந்தால் ஜம்ப் ஸ்டார்ட்டருக்கு வலு இல்லை. 22க்கு மேலேயே நின்றும் மோட்டார் சுற்றவில்லை என்றால் எர்த் வயரையும் ஸ்டார்ட்டரையும் பாருங்கள், உங்கள் கருவியைக் குறை சொல்லாதீர்கள். பெட்டியில் போட்டிருக்கும் பீக் ஆம்பியர் கண்சிமிட்டும் நேரத்துக்கானது. பெரிய டீசல் எஞ்சினுக்கு அதை நம்பி வாங்கக் கூடாது.

உள்ளே லெட் ஆசிட் பேட்டரி உள்ள பெரிய பெட்டி வகை என்றால், இரண்டு மாதம் கிடந்ததுதான் நோய். ஆறிய நிலையில் 12.7க்கு மேல் என்றால் முழுது, 12.0 என்றால் பாதிக்கும் கீழே, 10.5க்குக் கீழே இறங்கிக் கிடந்தது என்றால் தகட்டில் சல்பேட் இறுகியிருக்கும். 24 வோல்ட் பெட்டியில் உள்ளே இரண்டு இருக்கும், தனித்தனியே அளங்கள். ஒன்று போனாலே மொத்தமும் போன மாதிரி நடிக்கும். 17 ஆம்பியர் அவர் பேட்டரிக்கு 1.7 ஆம்பியர் போல மெதுவாக, 14.4 முதல் 14.7 வோல்ட் வரை ஏற்றுங்கள். நம் கோடையில் 0.3 வோல்ட் குறைத்துக்கொள்வது நல்லது. ஏற்றி அரை நாள் ஆறிய பிறகும் 12.4ஐத் தொடவில்லை என்றால் அதில் இனிக் காசு போடாதீர்கள். மாதம் ஒரு முறை ஏற்றி வைக்கும் பெட்டி பல வருடம் வரும்.

ஸ்கேனர் டேப் ஒரு நாள் ஏறி ஒரு நாள் ஏறாமல் போவது செல் கோளாறு மாதிரித் தெரியவில்லை; கேபிள் அல்லது சார்ஜ் துளை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி மீட்டரை டேப் பக்கம் மாட்டிப் பாருங்கள். 4.75 வோல்ட்டுக்கு மேல், ஒரு ஆம்பியருக்கு மேல் போனால் சரி. 0.1 ஆம்பியரில் நின்றால் கேபிளை மாற்றி மறுபடி பாருங்கள். துளையில் கிரீஸ் படிந்த பஞ்சு இருந்தால் மரக் குச்சியால் எடுங்கள், ஊசி வேண்டாம். வண்டியின் ஓபிடி சாக்கெட்டிலிருந்து (ஸ்கேனரை மாட்டும் சாக்கெட்) பவர் எடுக்கும் வகை என்றால், 16ஆம் காலில் பேட்டரி பிளஸ், 4, 5ஆம் காலில் எர்த் வருகிறதா என்று அளங்கள். 16இல் வராவிட்டால் பெரும்பாலும் வண்டியின் ஃப்யூஸ் போயிருக்கிறது. லாரியில் அந்த 16ஆம் காலில் 24 வோல்ட் வரும், 12 வோல்ட் மட்டும் தாங்கும் கருவியை அதில் சொருகினால் முடிந்தது. டேப்பைச் சார்ஜ் செய்ய இரண்டு லாரி பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் திருடுவதும் வேண்டாம். அந்த ஒன்று மட்டும் வடிந்து, இரண்டும் ஒத்துப்போகாமல், வண்டிக்காரருக்கு ஆறு மாதத்தில் ஜோடியே போகும். திரை ஓரத்தில் தூக்கியிருந்தால் உள்ளே செல் உப்பியிருக்கிறது, சார்ஜ் போடுவதை அன்றே நிறுத்துங்கள்.

செல் மாற்றிக் கட்டுவதா, புதுப் பேட்டரியா என்ற கேள்விக்கு என் கருத்து: இம்பாக்ட் கன்னுக்குக் கம்பெனிப் பேட்டரியே. மாற்றிக் கட்டுவது தவறல்ல, செய்கிற ஆள் சரியாக இருந்தால். கோவை, ஈரோடு பக்கம் இ-ஸ்கூட்டர் பேட்டரி கட்டுபவர்கள் பலர் நன்றாகவே செய்கிறார்கள். அவர்களிடம் மூன்று விஷயம் கேளுங்கள். செல் தொடர்ந்து 20 ஆம்பியராவது தரக்கூடிய வகையா? லேப்டாப், பவர் பேங்க் செல் 5, 10 ஆம்பியருக்கு மேல் தாங்காது. அது வந்தால் ஒரே வாரத்தில் மறுபடி நாலு நட்டில் நிற்கும். 18650 அளவுச் செல்லில் (இந்தப் பேட்டரிகளில் பரவலாக வரும் உருளைச் செல்) நிஜமான உச்சக் கொள்ளளவு 3500 மில்லி ஆம்பியர் அவர் சுற்றி. அதிலும் அதிக கரண்ட் தரும் வகை 2000 முதல் 3000க்குள். 9900 என்று அச்சடித்த செல்லைக் காட்டினால் கடையை விட்டு வெளியே வாருங்கள். இரண்டாவது, பட்டை சுத்த நிக்கலா, ஸ்பாட் வெல்டிங்கா? செல் மேல் நேராக சால்டரிங் அயர்ன் வைப்பவரிடம் கொடுக்காதீர்கள், அந்தச் சூடு செல்லுக்குள் இருக்கும் சீலைக் கெடுக்கும். மூன்றாவது, எல்லாச் செல்லும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்து, வோல்ட் சமப்படுத்திய பிறகு கட்டுகிறாரா? மூன்றுக்கும் தெளிவாகப் பதில் வந்தால் கொடுக்கலாம்.

போன பேட்டரியைக் குப்பையிலும் பழைய இரும்புக் கடையிலும் போடாதீர்கள். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிப்படி தயாரித்தவர்களே திரும்ப எடுத்துக்கொள்ளப் பொறுப்பு உண்டு. சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். அதுவரை டெர்மினலில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மணல் போட்ட இரும்பு வாளியில், கொட்டகைக்கு வெளியே வையுங்கள். நல்ல பேட்டரியைச் சில வாரம் எடுக்கப் போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில், கன்னிலிருந்து கழற்றி, வண்டி கேபினில் அல்லாமல் வீட்டுக்குள் வையுங்கள்.

இவ்வளவு தூரத்திலிருந்து என்னால் சொல்ல முடிந்தது இதுதான். சிவப்பு காட்டும் பேட்டரிக்குள் செல் செத்திருக்கிறதா, தெர்மிஸ்டர் விட்டிருக்கிறதா என்பது அளக்காமல் தெரியாது. பச்சை காட்டுவதற்கு காண்டாக்ட்டைச் சுத்தம் செய்த பிறகே தீர்ப்பு. நாலு எண் எடுத்து இங்கேயே எழுதுங்கள்: பச்சைப் பேட்டரி காலியிலிருந்து பச்சை வர எடுத்த நிமிடம், பல்பு மாட்டும் முன்னும் பத்து விநாடி கழித்தும் வோல்ட், இரண்டு பேட்டரியிலும் டி காலின் ஓம், ஜம்ப் ஸ்டார்ட்டரின் வோல்ட். கன்னின் மாடலையும் சேர்த்துப் போட்டால் எதை வாங்கலாம், எதை வாங்க வேண்டாம் என்று சொல்லிவிடலாமுங்க.